ஜெர்மனிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: வங்கிக் கணக்கு முதல் வரிக் கணக்கு வரை

ஜெர்மனியில் பண விஷயம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரும். முகவரியைப் பதிவு செய்யாமல் வரி எண் வராது. வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் வரியைக் கூட்டிப் பிடிப்பார்கள். அங்கே ஒரு கணக்கு திறக்கும்வரை, விசாவுக்காக முடக்கி வைத்த உங்கள் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாது. வந்து இறங்கியதும் எதை முதலில் செய்வது என்று தெரிந்திருந்தால் முதல் மூன்று மாதம் சிரமமில்லாமல் போகும். தமிழ்நாட்டிலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ போகிறவர்களை மனதில் வைத்து, அந்த வரிசையிலேயே இங்கே சொல்லியிருக்கிறோம்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

மாணவர்களுக்கு முதல் வேலை முடக்கக் கணக்கு. அங்கே இதை ஷ்பெர்கோன்டோ என்பார்கள். 2024 செப்டம்பரில் இருந்து, விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை அதில் போட்டுக் காட்ட வேண்டும். போய்ச் சேர்ந்த பின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கு விடுவிப்பார்கள். இந்தத் தொகை மாறக்கூடியது என்பதால், பணம் அனுப்பும் வாரத்தில் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, சரியாக 11,904 யூரோ மட்டும் அனுப்புவது. வழியில் இருக்கும் இடைநிலை வங்கிகள் தங்கள் கட்டணத்தை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொள்ளும். போய்ச் சேருவது 11,880 என்றால் உறுதிச் சான்றிதழ் வராது, விசா நேர்காணல் தேதி நெருங்கிவிடும். மீதி 24 யூரோவை அனுப்ப இன்னொரு முறை முழுக் கட்டணம் தண்டம். எனவே வங்கிப் படிவத்தில் ‘எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு நடத்தும் நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்து, மேலும் 50 முதல் 100 யூரோ கூடுதலாக அனுப்புங்கள். மிச்சம் எங்கும் போகாது, முதல் மாதத் தொகையோடு உங்களுக்கே வரும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தில் காரணக் குறியீடு கேட்பார்கள். படிப்புச் செலவுக்கு எஸ்0305. தப்பான குறியீடு போட்டால், பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரியான டி.சி.எஸ். தேவையில்லாமல் கூடிவிடும். 2025 ஏப்ரலில் இருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டி.சி.எஸ். கிடையாது, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனில் இருந்து போகும் பணத்துக்கு எந்தத் தொகையானாலும் கிடையாது. முடக்கக் கணக்கின் தொகை மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அப்பா கணக்கிலிருந்து பாதி, அம்மா கணக்கிலிருந்து பாதி என்று அனுப்பினால் இருவருக்கும் தனித்தனி வரம்பு பொருந்தும். பிடித்த தொகை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும், யார் பெயரில் பிடித்தார்களோ அவர்தான் கணக்கு தாக்கல் செய்து கேட்க வேண்டும்.

முடக்கக் கணக்கின் பணம் இறங்கிய அன்றே கைக்கு வராது. முகவரிப் பதிவு, உள்ளூர்க் கணக்கு இரண்டும் முடிய மூன்று முதல் ஐந்து வாரம் ஆகலாம். அதுவரை வாடகை, வாடகை முன்பணம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் தனியாக 1,500 முதல் 2,000 யூரோ வேண்டும். அதைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ரொக்கமாக 300 யூரோ போதும், அதுவும் 10, 20, 50 தாள்களாக. 200 யூரோத் தாளைக் கண்டால் சின்னக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. தலைப்பெழுத்தோடு பெயர் வைக்கும் வழக்கத்தால், பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். ஜெர்மன் படிவங்கள் இரண்டு பெயர் இல்லாமல் நகராது. வங்கியில் ஒரு மாதிரி, பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி, காப்பீட்டில் ஒரு மாதிரி எழுதிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. நேரம் இருந்தால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் தந்தை பெயரையோ வேறு பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். விசா ஒட்டிய பிறகு இதைச் செய்தால் இரட்டை வேலை. நேரம் இல்லையென்றால், பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரி இயந்திர எழுத்தில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். << குறிக்கு முன்னால் இருப்பதைத்தான் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்கள்.

இந்திய வங்கியிலும் இரண்டு வேலை இருக்கிறது. வெளிநாட்டில் தங்கப் போகிறவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம். மாணவர்களுக்கும் இது பொருந்தும். கிளைக்கு நேரில் போய்க் கையெழுத்து போட்டால் சில நாளில் முடிகிற வேலை, அங்கிருந்து செய்தால் நோட்டரி, கூரியர் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது, உங்கள் இந்திய சிம். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ரோமிங்கை ஊரிலேயே இயக்கி வைத்து, எண் செத்துப்போகாமல் குறைந்தபட்ச ரீசார்ஜைத் தொடருங்கள்.

முகவரிப் பதிவும் தபால் பெட்டியும்

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். பாஸ்போர்ட், படிவம், இவற்றோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச் சீட்டு வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சீட்டைத் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. ‘இங்கே தங்கலாம், ஆனால் பதிவு மட்டும் வேண்டாம்’ என்று சொல்லும் வீட்டை எடுக்காதீர்கள். வரி எண், வங்கி, விசா நீட்டிப்பு எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். பெர்லின் போன்ற ஊர்களில் அலுவலக நேரம் கிடைப்பதே பெரும்பாடு. வீடு உறுதியான அன்றே இணையத்தில் நேரம் எடுத்துவிடுங்கள். பிறர் ரத்து செய்யும் நேரங்கள் காலையில் அங்கே வெளியே வரும்.

படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் அல்லது சீர்திருத்தத் திருச்சபை என்று குறித்தால், பிற்பாடு சம்பளம் வாங்கும்போது வருமான வரியின் மேல் 9 சதவீதம் (பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்கிலும் 8) திருச்சபை வரியாகப் பிடிப்பார்கள். அங்கே திருச்சபையில் இருப்பதும் அதற்கு வரி கட்டுவதும் ஒன்றோடொன்று இணைந்தவை. கட்ட விரும்புகிறவர் மனமறிந்து குறிக்கட்டும். கேள்வி எதற்கு என்று தெரியாமல் குறித்துவிட்டு, சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

பதிவு முடிந்த கையோடு செய்ய வேண்டிய மிகச் சின்ன வேலை ஒன்று உண்டு. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் வங்கி அட்டை, ரகசிய எண், வரி எண், காப்பீட்டு அட்டை அத்தனையும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். பிறர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கினால் அவர் பெயருக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் பெயர் இருந்தாலும் போதும்.

கணக்கு திறப்பது

சம்பளமும் வாடகையும் ஓடும் நடப்புக் கணக்கை கிரோகோன்டோ என்பார்கள். இரண்டு வகை வங்கிகள் இருக்கின்றன. ஷ்பார்காஸ்ஸ, ஃபோல்க்ஸ்பாங்க் போன்றவற்றுக்கு ஊர்தோறும் கிளை உண்டு, மாதக் கட்டணமும் பெரும்பாலும் உண்டு. ஐ.என்.ஜி., டி.கே.பி., என்26 போன்றவை இணையத்தில் மட்டும் நடப்பவை. கட்டணம் குறைவு அல்லது இல்லை. மொழி தெரியாத முதல் மாதத்தில் ஆங்கிலச் செயலி இருக்கும் வங்கி பெரிய உதவி. ஆனால் ஏதாவது சிக்கிக்கொண்டால் நேரில் போய் நிற்க ஒரு கிளை இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். கட்டணமில்லாக் கணக்கு என்று எழுதியிருந்தால் நிபந்தனையைப் படியுங்கள்: மாதம் இத்தனை யூரோ வரவு இருந்தால்தான், 28 வயதுக்குள் இருந்தால்தான் என்று ஏதாவது இருக்கும்.

இணைய வங்கிகள் ஆளைச் சரிபார்க்க வீடியோ அழைப்பு அல்லது போஸ்ட்ஐடென்ட் முறையைக் கேட்கும். எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் வீடியோவில் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் அவர்கள் தரும் சீட்டை அச்சிட்டுத் தபால் நிலையத்துக்குப் பாஸ்போர்ட்டோடு போங்கள். பத்து நிமிட வேலை. அட்டை ஒரு உறையில், ரகசிய எண் வேறொரு உறையில், வெவ்வேறு நாளில் வரும்.

வங்கிகள் கைவிரித்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை 2016 முதல் ஜெர்மன் சட்டத்தில் இருக்கிறது. பாஸிஸ்கோன்டோ விண்ணப்பப் படிவம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முழு விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாளுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும்.

கணக்கு எண் ‘டி.இ.’ என்று தொடங்கும் 22 இலக்க ஐபான். லிதுவேனியா போன்ற வேறு யூரோ நாட்டின் ஐபானைத் தரும் செயலிகளும் உண்டு. சட்டப்படி முதலாளியும் தொலைபேசி நிறுவனமும் அதை ஏற்றாக வேண்டும். நடைமுறையில் ஏதாவதொரு பழைய மென்பொருள் மறுக்கும், நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். முதல் கணக்கு ஜெர்மன் ஐபானாக இருப்பதே நல்லது.

எண் எழுதும் முறையைக் கண்ணில் பதிய வையுங்கள். 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. 1,50 என்றால் ஒன்றரை. நம் பழக்கத்தில் 45.50 என்று தட்டச்சு செய்தால் சில செயலிகள் புள்ளியை ஆயிரத்துக்கான பிரிப்பாக எடுத்துக்கொண்டு 4.550 ஆக்கிவிடும். உறுதி செய்யும் திரையில் தொகையை இன்னொரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

கிரோகார்ட் என்பது ஜெர்மனியின் உள்ளூர் அட்டை. விசா, மாஸ்டர்கார்ட் டெபிட் அட்டைகள் பெரும்பாலான இடத்தில் செல்லும் என்றாலும், சில பேக்கரி, மருந்துக் கடை, அரசு அலுவலகங்களில் கிரோகார்டையும் ரொக்கத்தையும் மட்டுமே வாங்குவார்கள். எப்போதும் 50 யூரோ கையில் இருக்கட்டும். பிற வங்கி ஏ.டி.எம்.மில் எடுத்தால் 4, 5 யூரோ கட்டணம் திரையில் வரும். அதற்குப் பதில் ரேவே, ஆல்டி, லிடில் போன்ற கடைகளில் சாமான் வாங்கும்போதே அட்டையைக் காட்டி ரொக்கம் வாங்கிக்கொள்ளலாம். தனிக் கட்டணம் இல்லை. அட்டை தொலைந்தால் 116 116 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் முடக்கலாம். ஒரு சில வங்கிகள் அதில் சேரவில்லை. உங்கள் வங்கி சேர்ந்திருக்கிறதா என்று முன்பே பார்த்து, அதன் சொந்த எண்ணையும் குறித்து வையுங்கள்.

பணம் போகும் மூன்று வழிகள்

முதலாவது, நீங்களே அனுப்பும் பரிமாற்றம். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாட்டு வங்கிகள் உடனடிப் பரிமாற்றத்தைச் சாதாரணப் பரிமாற்றத்தை விடக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். பத்து நொடியில் பணம் போய்விடும், போனது போனதுதான். அதே நாளில் இருந்து, அனுப்பும் முன் பெறுபவரின் பெயரும் ஐபானும் பொருந்துகிறதா என்று வங்கி காட்டுகிறது. பொருந்தவில்லை என்று வந்தால் அழுத்தாதீர்கள். உங்கள் கணக்கில் பெயர் ஒரு மாதிரியும் நிறுவனத்தின் பதிவில் வேறு மாதிரியும் இருந்தால், சம்பளம் போடும்போது அவர்களுக்கும் இதே எச்சரிக்கை வரலாம். பெயரை ஒரே மாதிரி எழுதச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

குறிப்புப் பகுதியை வெறுமையாக விடக் கூடாது. பில்லில் இருக்கும் வாடிக்கையாளர் எண், பில் எண் அங்கே வர வேண்டும். இல்லையென்றால் உங்கள் பணம் அவர்கள் கணக்கில் பெயர் தெரியாத வரவாகக் கிடக்கும், உங்களுக்கு ‘கட்டவில்லை’ என்று நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, நிலை உத்தரவு. ஒரே தொகை மாதாமாதம் ஒரே தேதியில் போக வேண்டியவற்றுக்கு, முக்கியமாக வாடகைக்கு. வாடகை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கட்டப்பட வேண்டும். முந்தைய மாதம் 28 அல்லது 29ஆம் தேதி போகும்படி வைப்பது பாதுகாப்பு. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் முன்னறிவிப்புக் காலம் இல்லாமலே வெளியேறச் சொல்ல வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது.

மூன்றாவது, நேரடிப் பற்று. நீங்கள் அனுமதி கொடுத்தால் எதிர்ப்பக்கமே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். தொலைபேசி, மின்சாரம், காப்பீடு, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் இப்படித்தான். நம் ஊர்க்காரர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். உண்மையில் உங்களுக்குப் பாதுகாப்பு அதிகம் இதில்தான். எடுத்த நாளில் இருந்து 8 வாரம் வரை காரணமே சொல்லாமல் வங்கிச் செயலியில் திருப்பிக்கொள்ளலாம். அனுமதியே தராமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை. ஆனால் உண்மையான கடனைத் திருப்பி எடுத்தால் கடன் அப்படியே நிற்கும், அபராதம் சேரும். கணக்கில் பணம் இல்லாமல் பற்று திரும்பினாலும் அதே கதை.

சில மாதச் சம்பள வரவைப் பார்த்து வங்கி தானாகவே மிகைப்பற்று வரம்பு வைக்கும், அதாவது கணக்கில் இல்லாத பணத்தையும் கடனாக எடுக்க விடும். அதன் பெயர் டிஸ்போ. வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். செயலியில் அந்த வரம்பையும் சேர்த்து ‘கிடைக்கும் தொகை’ என்று காட்டுவார்கள். அது உங்கள் பணம் என்று எண்ணிச் செலவழிக்க வேண்டாம். வரம்பைப் பூஜ்யமாக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வீடும் முன்பணமும்

வாடகையை இரண்டாகச் சொல்வார்கள்: வெறும் வாடகை ஒன்று; தண்ணீர், வெப்பம், குப்பைச் செலவு சேர்ந்த முழு வாடகை மற்றொன்று. முன்பணம் வெறும் வாடகையில் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதை மூன்று மாதத் தவணையில் கட்டும் உரிமையும் உங்களுக்கு உண்டு. முதல் தவணை வாடகை தொடங்கும்போது. வெறும் வாடகை 400 யூரோ என்றால் முன்பணம் 1,200, அதில் முதல் மாதம் கொடுக்க வேண்டியது 400. இதைப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை.

வீட்டைப் பார்க்கும் முன் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ‘வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும்’ என்று வரும் பதில் மோசடி. படம் அழகாகவும் வாடகை அந்த ஊருக்கு நம்ப முடியாத அளவு குறைவாகவும் இருக்கும். இந்தியாவில் இருந்துகொண்டு வீடு தேடுகிறவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். முதல் மாதத்துக்கு மாணவர் விடுதியோ தற்காலிக அறையோ எடுத்துக்கொண்டு, நேரில் போய்த் தேடுவதே சரி.

குடிபோகும் நாளில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சுவரில் இருக்கும் கீறல், மின்சார மீட்டர் எண், சாவி எத்தனை என்பது வரை அதில் வரட்டும். படமும் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தைக் காப்பாற்றுவது அந்தக் காகிதம்தான்.

கடிதங்களை அன்றன்றே பிரியுங்கள்

ஜெர்மனியில் புதிதாக வந்தவர் பணம் இழப்பது பெரும்பாலும் பிரிக்காத உறைகளால். முகவரி பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். வீட்டில் டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. மோசடி என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். போட்டால் குடிவந்த மாதத்தில் இருந்து கணக்கிட்டு அபராதத்தோடு வரும். கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. பகிர்ந்து தங்கும் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் போடுங்கள், முடிந்தது.

பில்லைக் கட்டாவிட்டால் முதலில் நினைவூட்டல், பிறகு வசூல் நிறுவனம், அதன் பிறகு நீதிமன்றம். மஞ்சள் உறையில், வந்த தேதி எழுதி ஒரு கடிதம் வந்தால் அது நீதிமன்றத்தின் கட்டண ஆணையாக இருக்கலாம். கடன் உங்களுடையது இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள் உள்ளே இருக்கும் படிவத்தில் மறுப்பைக் குறித்து அனுப்ப வேண்டும். நீதிமன்றம் அந்தக் கட்டத்தில் கடன் உண்மையா என்று பார்ப்பதில்லை. நீங்கள் பேசாமல் இருந்தால் உண்மை என்றே போய்விடும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கிறது.

இவையெல்லாம் ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனத்தின் பதிவுக்குப் போகலாம். புதிதாக வந்தவருக்கு அங்கே எதுவும் இருக்காது, அதில் தவறில்லை. வீட்டுக்காரர் கேட்டால் வேலை ஒப்பந்தமும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் காட்டலாம். உங்கள் பதிவின் பிரதியை இலவசமாகக் கேட்கும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ வகையில் மறந்துபோன முப்பது யூரோ, வீடு தேடும்போது வந்து குறுக்கே நிற்கும்.

தொலைபேசி, இணைய, உடற்பயிற்சிக்கூட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 24 மாதம். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு ரத்து சொல்லுங்கள். 2022 மார்ச்சுக்குப் பிறகு போட்ட ஒப்பந்தம் தானாக நீண்டாலும், அதன் பின் எந்த மாதமும் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். 2022 ஜூலை முதல் இணையத்தில் ஒப்பந்தம் எடுக்க விடும் தளங்களில் ரத்து பொத்தானும் இருக்க வேண்டும். அழுத்திய பின் வரும் உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

சம்பளமும் வரியும்

11 இலக்க வரி எண் முகவரிப் பதிவுக்குப் பின் சில வாரத்தில் தபாலில் வரும். ஆயுளுக்கும் ஒரே எண். அதை முதலாளியிடம் கொடுக்கத் தவறினால் ஆறாம் வரி வகுப்பில், அதாவது அதிகபட்சப் பிடித்தத்தில், சம்பளம் போடுவார்கள். தனி ஆளுக்கு முதல் வகுப்பு. கணவன் மனைவி இருவரும் ஜெர்மனியில் இருந்தால் நான்கு-நான்கு அல்லது மூன்று-ஐந்து என்று தேர்ந்தெடுக்கலாம். துணைவர் ஊரிலேயே இருந்தால் மூன்றாம் வகுப்பு பொதுவாகக் கிடைக்காது.

வேலை வாய்ப்புக் கடிதத்தில் இருப்பது மொத்தச் சம்பளம். மாதம் 4,500 யூரோ என்றால், தனி ஆளுக்கு, திருச்சபை வரி இல்லாமல், கைக்கு வருவது சுமார் 2,850. ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, பராமரிப்புக் காப்பீடு ஆகியவற்றுக்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகும். மியூனிக்கில் வாடகையைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சம்பளக்காரர் பலருக்கு வரிக் கணக்கு தாக்கல் கட்டாயமில்லை. ஆனாலும் செய்யுங்கள். ஆண்டின் நடுவில் வேலையில் சேர்ந்தவருக்குப் பணம் திரும்பி வருவது ஏறக்குறைய நிச்சயம். பன்னிரண்டு மாதமும் அதே சம்பளம் வரும் என்று நினைத்துத்தான் மாதாமாதம் பிடித்திருப்பார்கள். வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த விமானச் சீட்டு, சாமான் அனுப்பிய செலவு ஆகியவற்றையும் கழிக்கலாம். விருப்பத் தாக்கலுக்கு நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. முதுநிலை மாணவர்கள் படிப்புச் செலவை நஷ்டமாகத் தாக்கல் செய்து, வேலைக்கு வந்த ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். அதனால் படிக்கும்போதே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அரசின் எல்ஸ்டர் தளம் இலவசம், ஜெர்மன் மொழியில் இருக்கும். சம்பளக்காரர்களுக்கென்று வரி உதவிச் சங்கங்களும் உண்டு, ஆண்டுச் சந்தா கட்டினால் அவர்களே செய்து தருவார்கள்.

சேமிப்புக்கு வரும் வட்டியில் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ வரை வரியில்லை. ஆனால் வங்கியிடம் விலக்கு உத்தரவு கொடுத்தால்தான் பிடிக்காமல் விடும். செயலியில் இரண்டு நிமிட வேலை.

ஊருக்குப் பணம்

‘கட்டணம் பூஜ்யம்’ என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். 1,000 யூரோ அனுப்பினால் அம்மா கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்ற ஒரு எண்ணை மட்டும் இரண்டு மூன்று சேவைகளில் ஒப்பிடுங்கள். கட்டணம் இல்லை என்பவர்கள் மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் சொந்தச் சேமிப்பை, வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடுவதற்கான என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பினால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளியே எடுக்கலாம், இந்தியாவில் அதன் வட்டிக்கு வரியும் இல்லை. என்.ஆர்.ஓ. கணக்கில் வட்டிக்கு 30 சதவீதத்துக்கு மேல் பிடிப்பார்கள். வெளியே எடுக்க நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பும் ஆவணங்களும் உண்டு. இங்கே பலரும் கவனிக்காத இடம் ஒன்று: ஜெர்மனியில் வசிப்பவர் உலகெங்கும் வரும் வருமானத்தை அங்கே காட்ட வேண்டும். இந்தியாவில் வரியில்லாத என்.ஆர்.இ. வட்டி ஜெர்மனியில் வரிக்கு உட்பட்டது. இரு நாடுகளும் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன, தெரியாமல் போகாது. என்.ஆர்.ஓ. வட்டிக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி இந்தியப் பிடித்தம் 10 சதவீதம்தான். ஜெர்மன் வரி அலுவலகத்தின் குடியிருப்புச் சான்றிதழை இந்திய வங்கியில் கொடுத்தால் குறைப்பார்கள்.

பெற்றோரின் செலவுக்கு அனுப்புவதை அவர்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தேவையுள்ள பெற்றோரைத் தாங்கும் செலவை ஜெர்மன் வரியில் ஓரளவு கழிக்க முடியும், ஆனால் 2025 முதல் அவர்கள் கணக்கில் போட்ட சான்று இருந்தால்தான். ஊருக்குப் போகும் நண்பரிடம் ரொக்கமாகக் கொடுத்து விடுவது கணக்கில் வராது.

உண்டியல் வழியாக அனுப்பச் சொல்லி நம்மவர்களிலேயே சிலர் அழைப்பார்கள். விகிதம் கொஞ்சம் கூட, வீட்டு வாசலில் பணம். நிதித் துறையைக் கண்காணிக்கும் பாஃபின் அமைப்பின் உரிமம் இல்லாமல் பணப் பரிமாற்றம் நடத்துவது ஜெர்மனியில் குற்றம். ஏமாந்தால் போலீசில் சொல்லவும் முடியாமல் நிற்பீர்கள். இதைவிட ஆபத்து, ‘உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், ஐந்து சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு’ என்ற பகுதிநேர வேலை. அது திருட்டுப் பணம். கணக்கு முடங்கும், வழக்கு உங்கள் மேல் வரும், விசாவும் ஆட்டம் காணும். நண்பர் கேட்டாலும் கணக்கைக் கடன் கொடுக்கக் கூடாது.

திரும்பும்போது

முகவரி நீக்கத்தைக் கிளம்பும் ஒரு வாரம் முன்பிலிருந்து செய்யலாம். அந்தச் சான்றைக் காட்டித்தான் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்த முடியும், மருத்துவக் காப்பீட்டை முடிக்க முடியும். ஓய்வூதியத்துக்கு 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டியவர், ஐரோப்பாவை விட்டு இந்தியா திரும்பி 24 மாதம் ஆன பின் தன் பங்கைத் திரும்பக் கேட்கலாம். ஓய்வூதிய எண் இருக்கும் கடிதத்தையும் ஆண்டறிக்கைகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

வங்கிக் கணக்கை விமானம் ஏறும் முன் மூடுகிறவர்கள் பிறகு தவிக்கிறார்கள். வீட்டு முன்பணம் திரும்பி வர ஆறு மாதம்வரைகூட ஆகும், வெப்பச் செலவுக் கணக்கு அதற்கும் பிறகு வரலாம், கடைசி ஆண்டின் வரித் தொகை அடுத்த ஆண்டுதான் வரும். கட்டணமில்லாக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, வங்கியில் இந்திய முகவரியைக் கொடுத்து, பரிமாற்றத்தை உறுதி செய்யும் வங்கிச் செயலி இந்திய எண்ணோடு வேலை செய்கிறதா என்று ஜெர்மனியில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். வர வேண்டியது எல்லாம் வந்த பிறகு ஒரு கடிதத்தில் மூடிக்கொள்ளலாம்.